பத்தாம் வகுப்பு முடித்த அந்த ஜூன் மாதத்துக்குத் திரும்பப் போகலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?

கரிசல் எழுதியது:

ஒரு கேள்வியைப் பொதுவில் வைக்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அந்த ஜூன் மாதத்துக்கு உங்களை யாரோ திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அப்போதும் தெரிந்திருக்கும். எதை மாற்றுவீர்கள்?

என் ஜூன் மாதம் 1984ல். தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978ல்தான் வந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது இன்னும் பிடிபடாத சமாச்சாரமாகவே இருந்தது. பியூசி தெரியும், டிகிரி தெரியும். 'குரூப்' என்றால் என்னவென்று தெரியாது. பதினைந்து வயதில் எடுக்கிற குரூப்தான் பிற்பாடு எந்தக் கல்லூரியின் வாசல் திறக்கும், எது திறக்காது என்பதை முடிவு செய்கிறது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

நான் செடிகொடிகள் மேல் பித்துப் பிடித்தவன். கோவில்பட்டிப் பக்கம் பருத்திக் காட்டில் களை எடுக்கப் போகும்போது துத்தி, தும்பை, நாயுருவி, குப்பைமேனி என்று ஒவ்வொன்றிலும் ஒரு கிளை ஒடித்து வந்து, பழைய நாளிதழுக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து, நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிப் பெயர் எழுதி வைப்பேன். அறிவியலில் நல்ல மதிப்பெண். சேர்க்கை நாளன்று அப்பா, 'கணக்குப் படித்தால் சொசைட்டியில் சேர்த்துவிடலாம்' என்றார். தலைமையாசிரியரும் தலையாட்டினார். வணிகவியல் குரூப், பிறகு பி.காம்., பிறகு ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, அங்கேயே ஓய்வு. குறை சொல்ல ஒன்றுமில்லை. வீடு கட்டினேன், இரண்டு பெண்களைப் படிக்கவைத்தேன்.

ஆனால் அதே 1984ல்தான், அப்போது பிரிக்கப்படாமல் இருந்த எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில், கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி தொடங்கினார்கள். அறிவியல் குரூப் எடுத்திருந்தால் அங்கே விண்ணப்பமாவது போட்டிருக்கலாம். திரும்பப் போனால் தலைமையாசிரியர் அறையில் வாயைத் திறந்து, 'எனக்கு சயின்ஸ் குரூப் வேண்டும்' என்பேன். அந்த ஒரு வரி போதும். வேறெதையும் தொட மாட்டேன்.

உங்களுடையதைச் சொல்லுங்கள்.

பொருநை எழுதியது:

கரிசல் ஐயா, அந்த ஒரு வரியை மாற்றினால் மற்றதெல்லாம் அப்படியே நிற்குமா? வேளாண் பட்டதாரியாகிப் போன நீங்கள் எந்த ஊரில் வேலை பார்த்திருப்பீர்கள், யாரைக் கைப்பிடித்திருப்பீர்கள்? இன்று இருக்கும் உங்கள் பெண்கள் இருவரும் அந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள்? என் அம்மாவிடம் இதே மாதிரி ஒருமுறை கேட்டபோது, 'போகலாம்தான், உன்னை யாரிடம் விட்டுவிட்டுப் போக?' என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கரிசல் எழுதியது:

பொருநை, நீங்கள் பிடித்த இடத்தில்தான் நானும் இடறுகிறேன். பெண்களை விட்டுக்கொடுத்துவிட்டு எந்தக் கல்லூரியும் எனக்கு வேண்டாம். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. ஆனால் இப்படி உறுதியாகச் சொன்ன பிறகும் அந்த ஆசை போகவில்லையே! சாலையோரம் தெரியாத செடி ஒன்றைப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகிறேன். பெண்கள் மேல் உள்ள பாசமும் நிஜம், இந்த ஏக்கமும் நிஜம்.

அலைவரிசை எழுதியது:

உளவியல் படித்தவள் என்பதால் இரண்டு ஆய்வுகளை மட்டும் இங்கே சொல்கிறேன். பேச்சுக்கு உதவும்.

அமெரிக்காவில் தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இருவர் 1990களில் மனிதர்களின் வருத்தங்களை ஆராய்ந்தார்கள். அண்மையில் நடந்ததைக் கேட்டால், செய்த காரியத்துக்காக வருந்துவோர் அதிகம். வாழ்க்கை முழுவதையும் திரும்பிப் பார்க்கச் சொன்னால் கணக்கு தலைகீழாகிறது; செய்யாமல் விட்டதுதான் நெஞ்சில் நிற்கிறது. காரணமும் சொன்னார்கள். செய்த காரியத்தின் பலன் கண்ணெதிரே இருக்கிறது, அதற்கு ஓர் எல்லை உண்டு. மன்னிப்புக் கேட்கலாம், சரி செய்யலாம், பழகியும் போகலாம். செய்யாமல் விட்டதற்கு எல்லையே இல்லை. மனம் அதை ஆண்டுதோறும் வளர்த்துக்கொண்டே போகும். கரிசல் அண்ணா படிக்காத அந்த வேளாண் கல்லூரியில் அவர் ஒரு பாடத்திலும் தோற்றதில்லை, வேலை கிடைக்காமல் அலைந்ததும் இல்லை.

இன்னொன்று நீல் ரோஸ், ஏமி சம்மர்வில் 2005ல் வெளியிட்டது. அதுவும் அமெரிக்கர்களைப் பற்றியதுதான். அவர்கள் மிக அதிகமாக வருந்துவது படிப்பைப் பற்றி. வேலை, காதல், பிள்ளை வளர்ப்பு எல்லாம் அதற்குப் பின்னால்தான். ஏன் படிப்பு என்பதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. முற்றாக மூடிவிட்ட கதவைப் பற்றி மனம் மெல்ல ஓய்ந்துவிடுகிறதாம். எந்த வயதிலும் போய்ச் சேரலாம் என்று சற்றே திறந்திருக்கும் கதவுதான் ஓயாமல் உறுத்துமாம். படிப்பு அந்த மாதிரிக் கதவு.

விசைத்தறி எழுதியது:

எல்லோரும் அவரவர் ஆசையைச் சொல்கிறீர்கள். என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன், பாருங்கள்.

குமாரபாளையத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா ஒரு தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். அதை அடைக்கும்வரை குடும்பமே அந்தப் பட்டறையில் வேலை பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை பள்ளிவிட்டு வந்து, தறிக்கு வேண்டிய நூலைத் தாராகச் சுற்றித் தருவேன். எட்டாவது தேறியதும் தறிக்கே நிறுத்திவிட்டார்கள். விசைத்தறிப் பட்டறைக்குள் போனவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது காதில் விழாது. உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். இன்றைக்கும் வீட்டில் யாராவது மெதுவாகப் பேசினால் முகத்தை உற்றுப் பார்ப்பேன். மனைவி, 'என்ன இப்படி வெறித்துப் பார்க்கிறீர்கள்' என்பாள்.

நான் தறிக்குப் போனதால் தம்பி பள்ளிக்குப் போனான். பாலிடெக்னிக் முடித்தான். இன்று ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அவன் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் திரும்பப் போய் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்தால், என் இடத்தில் தறிக்குப் போவது யார்? முன்பணம் அப்படியே இருக்கிறது, அப்பாவின் இருமலும் அப்படியே இருக்கிறது. தம்பிதான் போக வேண்டும். அவனுக்கு அப்போது பத்து வயது. எதை மாற்ற முடியும் என்று எப்படிப் போட்டுப் பார்த்தாலும் யாரோ ஒருவர் அந்தத் தறியருகில் நின்றுகொண்டேதான் இருக்கிறார்கள். மாற்ற வேண்டியது அந்த முன்பணத்தை. அதை மாற்றும் சக்தி பதின்மூன்று வயதுப் பையனுக்கு எவ்வளவு அறிவு இருந்தாலும் வராது.

அதனால் நான் எதையும் மாற்றவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். படிக்க ஆசை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இருக்கிறது.

நாவற்குழி எழுதியது:

விசைத்தறி அண்ணை எழுதியதை வாசித்த பிறகுதான் எனக்கும் எழுத மனம் வந்தது. நான் கனடாவில் இருக்கிறேன், சொந்த இடம் இலங்கையில் யாழ்ப்பாணத்து வலிகாமம்.

இந்தக் கேள்வி முழுவதும், வாழ்க்கை நாங்கள் தெரிவு செய்ததால் இப்படி ஆனது என்ற எண்ணத்தின்மேல் நிற்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறைக்கு அந்தத் தெரிவு கையில் இருக்கவில்லை. அப்பா மருத்துவபீடத்துக்கு என்று படித்தவர். 1971ல் பல்கலைக்கழக அனுமதிக்கு அரசு தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. தமிழ் மொழிமூலம் சோதனை எழுதியவர்களுக்கு வெட்டுப்புள்ளி கூட. அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் எந்த ஜூன் மாதத்துக்குத் திரும்பிப் போய் எதை மாற்றியிருக்க முடியும்? இன்னும் கொஞ்சம் படித்திருக்கலாம் என்று பிற்காலத்தில் அவரே தன்னைத் தானே குறை சொல்லிக்கொண்டார். அதுதான் எனக்கு இன்றும் தாங்க முடியாத விஷயம். அரசு செய்ததைத் தன் குற்றமாகச் சுமந்துகொண்டே செத்தார்.

நான் உயர்தர வகுப்பில் இருந்தபோது 1995 ஒக்டோபர் 30 வந்தது. போர் நெருங்கிவிட்டது, அன்று பின்னேரம் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார்கள். நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனம். மழை. ஓரடி நகர்வதற்கு அரை மணித்தியாலம். சைக்கிள் கரியரில் அம்மம்மாவை இருத்திக் கட்டிக்கொண்டு நான் உருட்டினேன். என் புத்தகப் பையை வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்திருந்தேன், இரண்டு நாளில் திரும்பலாம் என்ற நினைப்பு. அம்மம்மா வழி முழுக்க, 'கோழிக்கூட்டைத் திறந்துவிட்டனியோ' என்று கேட்டுக்கொண்டு வந்தா.

அந்த நாளுக்குத் திரும்பப் போனால் என்ன செய்வேன்? புத்தகப் பையை எடுத்திருப்பேன். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டிருப்பேன். அவ்வளவுதான் என் கைக்குள் இருந்தது. ஆகவே உங்களை எல்லாம் அன்போடு கேட்கிறேன்: உங்களுக்கு நடந்ததில் எது உங்கள் தெரிவு, எது உங்கள்மேல் திணிக்கப்பட்டது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். திணிக்கப்பட்டதற்காக உங்களை நீங்களே வைதுகொள்ளாதீர்கள்.

அலைவரிசை எழுதியது:

நாவற்குழி, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதிய வரியைக் கடந்து போக முடியவில்லை. நான் மேலே சொன்ன ஆய்வுகளில் பேசியவர்கள் பெரும்பாலும் தெரிவு செய்யும் வசதி இருந்தவர்கள். அந்த முடிவுகளைத் தரப்படுத்தலுக்கும் இடப்பெயர்வுக்கும் முன்பணத்துக்கும் அப்படியே பொருத்தக் கூடாது என்பதை நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

புறவழிச்சாலை எழுதியது:

என் வயது 29. இங்கே உள்ள எல்லோரையும்விடச் சின்னவன் என்று நினைக்கிறேன். பொறியியல் படித்து மென்பொருள் வேலையில் இருக்கிறேன். எங்கள் தலைமுறைக்குத் தெரிவே அதிகம், அதனால் வருத்தமும் அதிகம் என்று படுகிறது. ஆனால் விசைத்தறி ஐயாவுக்கு ஒரு கேள்வி. 'இருக்கிறது' என்று கடைசியில் எழுதினீர்களே, அது இப்போதும் படிக்க ஆசை என்ற பொருளிலா?

வெள்ளாறு எழுதியது:

தம்பி கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்க வந்தேன். அதற்கு முன்னால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். திரும்பப் போக வேண்டிய அவசியமே இல்லாமல் இரண்டாவது வாழ்க்கை கிடைத்தவள் நான்.

புதுக்கோட்டை மாவட்டம். பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கவே இல்லை. அம்மா கல் உடைக்கப் போவார், தம்பி தங்கைகளை நான் பார்த்துக்கொள்வேன். பிறகு நானும் கல் உடைக்கப் போனேன். கல்யாணம், குழந்தை, மறுபடி கல். பஸ் வந்தால் 'இது எந்த ஊருக்குப் போகிறது' என்று யாரையாவது கேட்க வேண்டும். சிலர் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த அவமானம் எழுத்து தெரிந்தவர்களுக்குப் புரியாது.

1991ல் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது எங்கள் மாவட்ட ஆட்சியர். அறிவியல் இயக்கத்துப் பிள்ளைகள் ஊர் ஊராக வந்து பாட்டும் நாடகமும் போட்டார்கள். ராத்திரி வேலை முடிந்து, சோறாக்கி, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, ஒரு வீட்டுத் திண்ணையில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்காருவோம். சொல்லித்தந்தவள் எங்கள் தெருவிலேயே பத்தாவது படித்த பெண், என்னைவிட இளையவள், சம்பளம் எதுவும் கிடையாது. சுத்தியல் பிடித்த கைக்குப் பென்சில் நிற்கவே நிற்காது. அழுத்தி எழுதி எழுதித் தாள் கிழிந்துபோகும். அந்தப் பெண் என் கைமேல் தன் கையை வைத்து, 'அழுத்தாதேக்கா, தடவிவிடு, போதும்' என்பாள்.

என் பெயரை எழுதியபோதுகூட அவ்வளவு தெரியவில்லை. ஒருநாள் சாலையில் நிற்கிறேன், பஸ் வருகிறது, யாரையும் கேட்காமல் என் வாய் 'அறந்தாங்கி' என்று படித்துவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மாவிடம் நான் சொன்னேன், 'இது அறந்தாங்கி போகிறது, நம் வண்டி அடுத்தது' என்று. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு சைக்கிள். அறிவொளியோடு சேர்த்துச் சைக்கிளும் பழக்கினார்கள். ஏன் என்று கேட்டவர்கள் உண்டு. நடந்தே போய்த் தண்ணீர் எடுத்து, நடந்தே போய் வேலை பார்த்து, நடந்தே சந்தைக்குப் போகிறவளுக்குச் சைக்கிள் என்றால் என்ன என்று எங்களைக் கேட்டால் சொல்வோம். பெண்கள் ஓட்டும் சைக்கிள் கடைகளில் போதாமல் போனது. ஆண்கள் சைக்கிளிலேயே பழகினோம், அதுவும் நல்லதாகப் போயிற்று. முன்னால் இருக்கும் கம்பியில் சின்ன இருக்கை கட்டிப் பிள்ளையை உட்காரவைக்கலாம். தெருவில் கேலி பேசினார்கள், கூசாமல் கெட்ட வார்த்தையும் சொன்னார்கள். 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை நகரத்துக்குள் கொடி கட்டிய சைக்கிளில் நூற்றுக்கணக்கான பெண்களாக நாங்கள் போனபோது கேலி பேசினவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டதும் அந்தக் காலத்தில்தான். கணக்குப் புத்தகத்தில் எத்தனை லோடு போனது என்று நாங்களே எழுதினோம். எழுதத் தெரியாதவரை எவ்வளவு ஏமாந்தோம் என்பது எழுதிய பிறகுதான் தெரிந்தது.

கரிசல் ஐயா, உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். சின்ன வயசுக்குத் திரும்பப் போகச் சொன்னால் போக மாட்டேன். அங்கே எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, என்ன படிக்க வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கவும் மாட்டார்கள். திரும்பப் போவதால் எனக்கு ஒன்றும் கிடைக்காது. எங்கள் தெருவுக்கு ஒரு விளக்கும் பலகையும் வந்ததால்தான் கிடைத்தது. இந்தப் பதிவை நானே கைப்பேசியில் தட்டச்சு செய்கிறேன். என் பேத்தி எழுத்துப்பிழை மட்டும் பார்த்துத் தந்தாள்.

பொருநை எழுதியது:

வெள்ளாறு அக்கா, அந்த அறந்தாங்கி பஸ்ஸை நான் மறக்கப் போவதில்லை.

தென்பெண்ணை எழுதியது:

அக்கா எழுதியதற்குப் பிறகு நானும் சொல்லலாம் என்று தோன்றுகிறது. எனக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டிருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் 'உனக்கு மறுபிறவி' என்பார்கள். ஆகவே இந்தக் கேள்வி எனக்குக் கற்பனை இல்லை.

தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை ஒழுங்குமுறைப்படி பகிர்ந்தளிக்கும் திட்டம் 2008ல் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை அவனுடைய பெற்றோர் தானம் செய்தபோதுதான் ஊர் முழுவதற்கும் இந்த விஷயம் தெரிந்தது. இருவரும் மருத்துவர்கள். பெற்ற பிள்ளை கண்ணெதிரே கிடக்கும்போது அந்தக் கையெழுத்தைப் போட அவர்களுக்கு எப்படி மனம் வந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். உறுப்பு கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கில் அரசு மரியாதை என்று 2023ல் அறிவித்தார்கள். அது சரியான காரியம்.

எனக்கு அழைப்பு வந்தது நள்ளிரவில். டயாலிசிஸ் முடிந்து வந்து வாந்தியோடு படுத்திருந்தேன். 'உடனே கிளம்பி வாருங்கள், எதுவும் சாப்பிட வேண்டாம்' என்றார்கள். வீட்டில் ஒரே சந்தோஷம். வண்டியில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது, இதே ராத்திரியில் இன்னொரு வீட்டில் ஒருவர் போய்விட்டார் என்று. அவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொல்ல மாட்டார்கள், அதுதான் விதி. எந்த ஊர், என்ன வயது, யாருக்குப் பிள்ளை, யாருக்குத் தகப்பன், ஒன்றும் தெரியாது. விபத்துச் செய்தி எதைப் படித்தாலும் இன்னும் ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.

டயாலிசிஸ் கட்டிலில் கிடந்தபோது திரும்பப் போகும் கற்பனைகள் எனக்கும் நிறைய இருந்தன. பிழைத்து வந்தால் இப்படி வாழ்வேன், அப்படி வாழ்வேன் என்று. பிழைத்தேன். அதே ஆள்தான். அதே கோபம், அதே சோம்பல். மாறியது எது என்றால், காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் கைப்பேசி மணி அடிக்கும். டாக்ரோலிமஸ் மாத்திரை போட வேண்டும். கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் எழுந்து போய்ப் போடுவேன். தவறவிட்டால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை வேற்று ஆளாகப் பார்க்கத் தொடங்கிவிடும். டயாலிசிஸுக்காக இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்துப் போட்ட பிஸ்டுலா இன்னும் இருக்கிறது. விரலை வைத்தால் உள்ளே இரத்தம் ஓடும் அதிர்வு தெரியும். என் மகள் சின்னவளாக இருந்தபோது அதில் காதை வைத்துக் கேட்பாள்.

மறுவாய்ப்பு கிடைத்தால் மனிதன் வேறு ஆளாகிவிடுவான் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒன்று உண்டு. விசைத்தறி அண்ணன் சொன்ன கணக்கு எனக்கும் பொருந்தும். அவர் தறிக்குப் போனதால் தம்பி படித்தார். ஒருவர் போனதால் நான் இருக்கிறேன். யாரும் தனியாக ஒரு வாழ்க்கையை எடுத்து மாற்றிவிட முடியாது.

விசைத்தறி எழுதியது:

எல்லோருடைய பதிவையும் இரண்டு முறை படித்தேன். தென்பெண்ணை தம்பி, நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும்.

புறவழிச்சாலை தம்பி கேட்டதற்குப் பதில், ஆமாம். எனக்கு வயது 47. படிக்க ஆசை இப்போதும் உண்டு. என் தம்பியிடம்கூட இதைச் சொன்னதில்லை. சொன்னால் அவன் மனசு சங்கடப்படும், என்னால்தான் அண்ணன் படிக்கவில்லை என்று நினைப்பான். இந்த வயதில் பத்தாம் வகுப்பு எழுத முடியுமா? எட்டாவது தேறிய சான்றிதழ் கையில் இருக்கிறது. வேலைக்காக இல்லை. எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பறை எழுதியது:

இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அரசுப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும்.

தாராளமாக எழுதலாம். தனித்தேர்வராக நேரடியாகப் பத்தாம் வகுப்பு எழுத, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், பதினான்கரை வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல் வயது வரம்பு கிடையாது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிப்பு வெளியிடும்போது அவர்களுடைய சேவை மையத்துக்குச் சென்று விண்ணப்பிக்க வேண்டும். எட்டாம் வகுப்புச் சான்றிதழை இப்போதே தேடி நகல் எடுத்து வையுங்கள். அதில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒரு விஷயத்தைப் பலர் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள். அறிவியல் பாடத்துக்குச் செய்முறை உண்டு. தேர்வுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே, மாவட்டக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிய வேண்டும். ஒரு பள்ளியை ஒதுக்குவார்கள். அங்கே நடக்கும் வகுப்புகளில் எண்பது சதவீதம் வருகை இருந்தால்தான் செய்முறைத் தேர்வுக்கு விடுவார்கள். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 எடுத்தால் தேர்ச்சி. மற்ற நான்கு பாடங்களுக்கும் 35.

ஒரே தடவையில் ஐந்தும் தேற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேறிய பாடம் தேறியதுதான். விட்டதை மட்டும் துணைத்தேர்வில் எழுதலாம். பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் உங்களுக்கு அச்சுப் புத்தகம்தான் நல்லது, கைப்பேசியில் படிக்கக் கண் வலிக்கும்.

விசைத்தறி எழுதியது:

அம்மா, மிக்க நன்றி. ஒரு சந்தேகம். செய்முறை வகுப்பு எந்த நேரத்தில் நடக்கும்? எனக்கு இப்போது பகல் ஷிப்ட். முதலாளியிடம் கேட்டால் இரவு ஷிப்டுக்கு மாற்றித் தருவார், ஆனால் எத்தனை நாளைக்கு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆங்கிலமும் பயமாக இருக்கிறது.

வகுப்பறை எழுதியது:

நேரம் பள்ளிக்குப் பள்ளி மாறும். வேலைக்குப் போகிறவர்கள் வருவார்கள் என்பதால் சனிக்கிழமைகளில் வைக்கும் ஆசிரியர்களும் உண்டு. பெயர் பதிந்து, பள்ளி எது என்று தெரிந்ததும் நேரில் போய் அறிவியல் ஆசிரியரைப் பாருங்கள், தறி வேலை என்று சொல்லுங்கள். தேதிகளை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு முதலாளியிடம் பேசுங்கள். இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு நேரே ஆய்வகத்துக்கு வர வேண்டாம், அமிலத்தைக் கையாள வேண்டியிருக்கும். நடுவில் கொஞ்சம் தூங்கிவிட்டு வாருங்கள்.

ஆங்கிலத்தைக் கடைசியாக வைக்காதீர்கள், அதிலிருந்தே தொடங்குங்கள். பழைய வினாத்தாள்களை எடுத்துப் பாருங்கள். கடிதம், விளம்பரம், படத்தைப் பார்த்து எழுதுவது, மனப்பாடச் செய்யுள் என்று ஆண்டுதோறும் வருகிற பகுதிகள் உண்டு. அவற்றைத் திடமாகச் செய்தால் 35 எட்டும். வாரத்தில் இரண்டு மாலை கைப்பேசியில் நான் சொல்லித்தருகிறேன். தறி ஓடும் இடத்திலிருந்து கூப்பிடாதீர்கள், எனக்குக் காது கேட்காது.

வெள்ளாறு எழுதியது:

விசைத்தறி தம்பி, என் பேத்தியின் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் ஐந்தும் சும்மாதான் கிடக்கின்றன. கணக்குப் புத்தகத்தில் மட்டும் அட்டை இல்லை. தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள், திங்கட்கிழமை பார்சலில் போட்டுவிடுகிறேன். உங்கள் தம்பியிடமும் சொல்லிவிடுங்கள். மறைக்க வேண்டாம்.